இட்லி அத்தையின் விரல்கள்

1. எங்கள் வகுப்பு



நான் மும்பையில் தாராவியில் வசிக்கிறேன். பன்னிரண்டாம் வகுப்பு வரை படித்திருக்கிறேன். என் தாத்தா திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து தோல் வேலைக்காக இங்கே வந்தவர். எங்கள் சந்தில் பல குடும்பங்கள் அப்படி வந்தவைதான்.

எங்கள் சந்துக் கோயில் மண்டபத்தில் எழுத்தறிவு வகுப்பு நடக்கிறது. நான் அதில் தொண்டராக இருக்கிறேன். மதியம் மூன்று மணிக்கு வகுப்பு. பதினொரு பெண்கள் வருகிறார்கள். அவர்களில் ஒருவர் இட்லி அத்தை.

அத்தைக்கு வயது 46. வீட்டிலேயே இட்லி அவித்து விற்கிறார். அதிகாலை இரண்டரை மணிக்கு எழுந்து விடுவார். ஆறு மணிக்குள் ஆயிரம் இட்லி வெந்து விடும். சைக்கிள்காரர்கள் வந்து பாத்திரத்தில் வாங்கிக் கொண்டு போவார்கள். மும்பைத் தெருக்களில் அதைச் சட்னியோடு விற்பார்கள்.

இட்லி வேலை கையால் செய்யும் வேலை. மாவைக் கரண்டியால் அள்ள வேண்டும். கொப்பரை மூடியைத் தூக்க வேண்டும். இட்லித் துணியைப் பிழிய வேண்டும். தேங்காய் துருவ வேண்டும். அத்தையின் குடும்பமே அவருடைய பத்து விரல்களை நம்பி இருந்தது.

அந்த விரல்களுக்குத்தான் நோய் வந்தது.

2. காலையில் மடங்காத கை

முதலில் காலையில் மட்டும் விரல் மடங்கவில்லை. "பனிக்காலம், அதான்" என்றார் அத்தை. பனிக்காலம் போன பிறகும் விரல் மடங்கவில்லை. எழுந்து ஒரு மணி நேரம், இரண்டு மணி நேரம் ஆன பிறகுதான் கை சொன்னபடி கேட்டது. விரல்களின் நடுக் கணுக்கள் வீங்கின. மணிக்கட்டு வீங்கியது. வலது கையில் வந்தது அப்படியே இடது கையிலும் வந்தது. பாதத்தை ஊன்றினால் கூழாங்கல்லின் மேல் நிற்பது போல வலித்தது. எப்போதும் அசதி. சில நாள் இலேசான காய்ச்சல்.

பக்கத்துக் கிளினிக்கில் வலி மாத்திரை கொடுத்தார்கள். மாத்திரை போட்டால் நாலு மணி நேரம் சுகம். பிறகு பழையபடி வலி.

ஆறு மாதம் கழித்து அத்தை பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனார். இரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். "முடக்குவாதம்" என்றார்கள். இதைச் சரவாங்கி என்றும் சொல்வார்கள். மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள். அன்று அங்கே பெருங்கூட்டம். டாக்டர் இந்தியில் வேகமாகப் பேசினார். அத்தைக்குப் பாதிதான் புரிந்தது.

மாத்திரையை நாலு வாரம் சாப்பிட்டார். வலி குறையவில்லை. வயிற்றைப் புரட்டியது. அக்கம்பக்கத்தில் எல்லோரும் ஒன்று சொன்னார்கள். "இங்கிலீஷ் மருந்து சூடு. உடம்பைக் கெடுத்து விடும். விட்டு விடு." அத்தை விட்டு விட்டார்.

3. கை மருந்தும் பத்தியமும்

பிறகு வீட்டு மருந்து தொடங்கியது.

முடக்கத்தான் கீரையை அரைத்துத் தோசை சுட்டுச் சாப்பிட்டார். நொச்சி இலையை வதக்கி ஒத்தடம் கொடுத்தார். நல்லெண்ணெயைச் சுட வைத்துத் தேய்த்தார். இரவில் மஞ்சள் போட்ட பால் குடித்தார். ஒத்தடம் கொடுத்தால் கை இலேசானது. அதில் சந்தேகம் இல்லை. ஆனால் வீக்கம் போகவில்லை.

"சாப்பாட்டில்தான் கோளாறு" என்றார் ஒருவர். கத்தரிக்காயை நிறுத்தினார். "புளிப்பு ஆகாது" என்றார் இன்னொருவர். தக்காளி, தயிர், புளி எல்லாம் போயின. "பருப்பு வாயு" என்றார் மூன்றாமவர். பருப்பும் போயிற்று. மீனும் முட்டையும் சூடு என்று அவற்றையும் விட்டார். கடைசியில் சோறும் மிளகு ரசமும்தான் மிச்சம்.

நாலு மாதத்தில் அத்தை ஏழு கிலோ இளைத்தார். கண்ணும் நகமும் வெளுத்தன. ஆயிரம் இட்லி ஐந்நூறு ஆனது. மகளைக் கல்லூரியில் சேர்ப்பதாக இருந்தார்கள். அதைத் தள்ளிப் போட்டார்கள்.

ஆனாலும் வகுப்புக்கு வருவதை அத்தை நிறுத்தவில்லை. பென்சிலை இரண்டு விரல்களுக்கு நடுவில் செருகிக் கொண்டு எழுதினார்.

4. நோட்டீஸ்

ஒரு நாள் வகுப்பில் நான் ஒரு வேலை கொடுத்தேன். "நாளைக்கு எல்லோரும் தெருவில் கிடைக்கும் ஏதாவது ஒரு தாளைக் கொண்டு வாருங்கள். அதைச் சத்தம் போட்டு வாசிக்க வேண்டும்" என்றேன்.

ஒருவர் தீப்பெட்டி கொண்டு வந்தார். ஒருவர் கல்யாணப் பத்திரிகை கொண்டு வந்தார். அத்தை ஒரு மஞ்சள் நோட்டீஸ் கொண்டு வந்தார். தமிழில் அச்சடித்தது. எழுந்து நின்று வாசித்தார்.

"மூட்டு வலியா? முடக்குவாதமா? மூன்றே நாளில் குணம். முழுக்க முழுக்க மூலிகை. பக்க விளைவு இல்லை. நூறு சதவீதம் உத்தரவாதம்."

ஒரு எழுத்துக் கூடத் தடுமாறவில்லை. எல்லோரும் கை தட்டினோம்.

"ஏ டீச்சரு, ஒரு எழுத்து விடாம வாசிச்சுட்டேன், பாத்தியா?" என்றார் அத்தை. அவர் கண்ணில் தண்ணீர். நான் அவருடைய நோட்டில் "மிக நன்று" என்று எழுதினேன்.

அன்று இரவே மகனை அனுப்பி அந்தப் பொடியை வாங்கினார். சிறிய காகிதப் பொட்டலங்கள். பொட்டலத்தின் மேல் எதுவும் எழுதவில்லை.

நண்பர்களே, இங்கே என் தவறைச் சொல்ல வேண்டும். நான் எழுத்தைக் கற்றுக் கொடுத்தேன். எழுதியதைக் கேள்வி கேட்கக் கற்றுக் கொடுக்கவில்லை. அச்சில் வந்தது எல்லாம் உண்மை என்று அத்தை நினைத்தார். அன்று நானும் அப்படித்தான் நினைத்தேன்.

5. மூன்று நாள் அதிசயம்

மூன்றாம் நாள் காலை அத்தை என் வீட்டுக்கு வந்தார். இரண்டு கைகளையும் என் முன்னால் நீட்டினார். விரல்களை மடக்கினார், விரித்தார், மறுபடியும் மடக்கினார். வீக்கம் வற்றி இருந்தது. எனக்கு நம்பவே முடியவில்லை. நானே இன்னும் இரண்டு பேரிடம் அந்தப் பொடியைப் பற்றிச் சொன்னேன்.

மறுபடியும் ஆயிரம் இட்லி வெந்தது. அத்தைக்கு நல்ல பசி எடுத்தது. முகம் உருண்டையானது. "அத்தை சதை போட்டு விட்டார்" என்று சந்தோஷப்பட்டோம். கை இலேசாக இடித்தாலும் கருநீலத் தழும்பு விழுந்தது. அதை யாரும் பெரிதாக எடுத்துக் கொள்ளவில்லை.

நாலு மாதம் போனது. ஊரில் கோயில் கொடை வந்தது. அத்தை குடும்பத்தோடு ரயில் ஏறினார். நானும் கூடப் போனேன். அவசரத்தில் பொடிப் பையை வீட்டிலேயே வைத்து விட்டார். "நாலு நாளில் என்ன ஆகப் போகுது?" என்றார்.

கொடைக்கு முதல் நாள் அத்தையால் எழுந்திருக்க முடியவில்லை. வாந்தி. தலை சுற்றல். கை கால் எல்லாம் துவண்டு போயின. மாமா அவரைத் தூக்கிக் கொண்டு பக்கத்து அரசு ஆஸ்பத்திரிக்கு ஓடினார். இரத்த அழுத்தம் மிகவும் இறங்கி இருந்தது.

டாக்டர் அத்தையின் உருண்டை முகத்தைப் பார்த்தார். கையில் இருந்த தழும்புகளைப் பார்த்தார். "என்ன மருந்து சாப்பிடுகிறீர்கள்?" என்று கேட்டார்.

"மூலிகைதான் சார்" என்றார் மாமா.

அத்தையின் பையில் வகுப்பு நோட்டு இருந்தது. அதற்குள் அந்த மஞ்சள் நோட்டீஸ் இருந்தது. நான் எடுத்துக் கொடுத்தேன். டாக்டர் வாசித்தார். உடனே ஊசி போடச் சொன்னார். குளுக்கோஸ் ஏற்றினார்கள். மறுநாள் காலையில் அத்தை கண் திறந்து காப்பி கேட்டார்.

6. பொடியில் இருந்தது என்ன?

டாக்டர் எங்களை உட்கார வைத்துச் சொன்னார்.

"இந்தப் பொடியில் ஸ்டீராய்டு கலந்திருக்க வேண்டும் என்று நினைக்கிறேன். இவர் உடம்பைப் பார்த்தால் அப்படித்தான் தெரிகிறது. ஸ்டீராய்டு கெட்ட மருந்து இல்லை. அளவு தெரிந்து கொடுத்தால் உயிரைக் காக்கும். வீக்கத்தை வேகமாக வற்ற வைக்கும். அதனால்தான் மூன்று நாளில் அதிசயம் நடந்தது. ஆனால் அளவு தெரியாமல் மாதக் கணக்கில் சாப்பிட்டால் முகம் உருண்டையாகும். சர்க்கரை ஏறும். இரத்த அழுத்தம் ஏறும். எலும்பு பலம் இழக்கும்."

"நிறுத்தினதும் ஏன் இப்படி ஆனது?" என்று கேட்டேன்.

"நம் சிறுநீரகங்களின் மேல் இரண்டு சிறிய சுரப்பிகள் இருக்கின்றன. ஸ்டீராய்டு போன்ற ஒரு பொருளை அவை தினமும் சுரக்கின்றன. அது இல்லாமல் நாம் உயிர் வாழ முடியாது. வெளியிலிருந்து நிறைய வந்தால் அந்தச் சுரப்பிகள் தூங்கி விடும். வெளியிலிருந்து வருவது திடீரென்று நின்றால் உடனே விழித்துக் கொள்ளாது. உடம்பு தவித்துப் போகும். அதனால் இந்த மாதிரிப் பொடியைத் தெரியாமல் சாப்பிட்டு விட்டவர்கள் தாங்களாகத் திடீரென்று நிறுத்தக் கூடாது. உடனே டாக்டரிடம் போய் உண்மையைச் சொல்ல வேண்டும். அவர் அளவைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைப்பார்."

நண்பர்களே, இதை நன்றாக நினைவில் வையுங்கள். மும்பைக்குத் திரும்பியதும் நான் முதலில் ஓடியது அந்த இரண்டு பேர் வீட்டுக்குத்தான். நான் சொல்லிப் பொடி வாங்கியவர்கள் அவர்கள். இரண்டு பேரையும் அன்றே ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனேன்.

7. வாட்ச்மேன் கதை

மும்பையில் அத்தை மறுபடியும் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனார். இந்த முறை நானும் போனேன். எனக்கு இந்தி தெரியும். டாக்டரம்மா சொன்னதைத் தமிழில் சொன்னேன்.

"இது என்ன நோய் என்று யாராவது உங்களுக்குச் சொன்னார்களா?" என்று டாக்டரம்மா கேட்டார்.

"வாயு" என்றார் அத்தை.

டாக்டரம்மா சிரித்தார். பிறகு விளக்கினார்.

"ஒரு கட்டடத்துக்கு வாட்ச்மேன் இருக்கிறான். திருடன் வந்தால் அடிப்பது அவன் வேலை. நம் உடம்பிலும் அப்படி ஒரு காவல் இருக்கிறது. கிருமி வந்தால் அது அடிக்கும். சிலருக்கு அந்த வாட்ச்மேனுக்குக் குழப்பம் வந்து விடுகிறது. வீட்டுக்காரனையே திருடன் என்று நினைத்து அடிக்கிறான். உங்களுக்கு அவன் மூட்டுக்குள் இருக்கும் மெல்லிய சவ்வை அடிக்கிறான். அதனால்தான் வீக்கம். அடித்துக் கொண்டே இருந்தால் எலும்பு அரித்துப் போகும். விரல் கோணி விடும். கோணிய பிறகு மருந்தால் நிமிர்த்த முடியாது. அதற்கு முன்னால் வாட்ச்மேனை அமைதிப்படுத்த வேண்டும்."

இந்த நோய் அபூர்வமானது இல்லை. டெல்லி அருகே கிராமங்களில் நடந்த ஓர் ஆய்வு 1993ல் வெளிவந்தது. பெரியவர்களில் ஆயிரத்துக்கு ஏழெட்டுப் பேருக்கு இந்த நோய் இருந்தது. ஆண்களை விடப் பெண்களுக்கு அதிகமாக வருகிறது.

அத்தை முன்பு பாதியில் விட்ட மாத்திரையின் பெயர் மெத்தோட்ரெக்சேட். அது வலி மாத்திரை இல்லை. வாட்ச்மேனை அமைதிப்படுத்தும் மாத்திரை. அது வேலை செய்ய ஆறு முதல் பன்னிரண்டு வாரம் ஆகும். அத்தை நாலு வாரத்தில் நிறுத்தி விட்டார். வயிற்றுப் புரட்டலை டாக்டரிடம் சொல்லி இருந்தால் அதற்கும் வழி இருந்தது.

இந்த மாத்திரையை வாரத்தில் ஒரு நாள் மட்டும்தான் சாப்பிட வேண்டும். தினமும் சாப்பிட்டால் உயிருக்கே ஆபத்து. டாக்டரம்மா "சோம்வார்" என்றார். நான் அட்டையில் தமிழில் எழுதினேன். "திங்கட்கிழமை மட்டும்." அத்தை அதை மூன்று முறை வாசித்தார். கூடவே ஃபோலிக் அமில மாத்திரை உண்டு. அதை எந்த நாளில் போட வேண்டும் என்பதையும் தனியாக எழுதிக் கொண்டோம். இரத்தத்தையும் கல்லீரலையும் அவ்வப்போது சோதிக்க வேண்டும். மது கூடாது. கர்ப்பமாக இருப்பவர்கள் இதைச் சாப்பிடக் கூடாது. குழந்தை வேண்டும் என்று நினைப்பவர்கள் முன்பே டாக்டரிடம் சொல்ல வேண்டும்.

8. அப்படியானால் கீரை வேண்டாமா?

அத்தை தயங்கித் தயங்கிக் கேட்டார். "அம்மா, அப்படின்னா எங்க ஊர் முடக்கத்தான் தோசை சாப்பிடக் கூடாதா?"

"நன்றாகச் சாப்பிடுங்கள். அது கீரை. ஆனால் அதைச் சாப்பிட்டு மாத்திரையை விட்டு விடாதீர்கள்" என்றார் டாக்டரம்மா.

அவர் சொன்னதை எல்லாம் வகுப்பில் கரும்பலகையில் எழுதினோம்.

ஒத்தடம்: வெந்நீரும் நொச்சி இலையும் விறைப்பைக் குறைக்கும். காலையில் வெதுவெதுப்பான நீரில் கையை வைத்து விரல்களை மடக்கி நீட்டலாம். வீங்கிச் சூடாக இருக்கும் மூட்டை அழுத்தித் தேய்க்கக் கூடாது.

மஞ்சள்: சமையலில் போடும் மஞ்சள் நல்லது. ஆனால் மஞ்சள் சாற்றைச் செறிவாக்கி மாத்திரையாக விற்கிறார்கள். சிலருக்கு அது கல்லீரலைக் கெடுத்திருக்கிறது. டாக்டரைக் கேட்காமல் வாங்க வேண்டாம்.

மீன்: சாளை, அயிலை போன்ற மீன்களின் கொழுப்பு வீக்கத்தைக் கொஞ்சம் குறைக்க உதவும். அவை விலை குறைந்த மீன்களும் கூட.

பருப்பு, பயறு, முட்டை, கீரை, கேழ்வரகு, பால்: இவற்றை நிறுத்தக் கூடாது. நோய் உள்ளவருக்குத்தான் சத்து அதிகம் தேவை. எல்லோருக்கும் ஆகாத காய் என்று ஒன்று இல்லை. ஏதாவது ஒன்று சாப்பிட்டால் வலி கூடுகிறது என்று தோன்றினால் அதை மட்டும் இரண்டு வாரம் நிறுத்திப் பாருங்கள். மறுபடியும் சாப்பிட்டுப் பாருங்கள். இரண்டையும் நோட்டில் எழுதுங்கள். ஒரே நேரத்தில் பத்துப் பொருளை நிறுத்தினால் எது ஆகவில்லை என்று எப்படித் தெரியும்?

பீடி, சிகரெட்: புகை இந்த நோயை வரவழைக்கும். வந்த நோயை மோசமாக்கும்.

சீந்தில் கொடி: மும்பையில் இதைக் குள்வேல் என்பார்கள். கொரோனாக் காலத்தில் உடம்பின் காவலைக் கூட்டும் என்று சொல்லிப் பலர் குடித்தார்கள். சிலருக்குக் கல்லீரல் கெட்டது. இதை மும்பை டாக்டர்கள் 2021ல் எழுதினார்கள். நாட்டின் 13 மருத்துவமனைகள் சேர்ந்து 2022ல் எழுதின. அவர்கள் குடித்தது அதே போல இருக்கும் வேறு கொடியாக இருக்கலாம் என்று ஆயுஷ் அமைச்சகம் சொன்னது. எதுவானாலும் நாம் யோசிக்க வேண்டும். நமக்கு வாட்ச்மேன் தூங்கவில்லை. அளவுக்கு மேல் அடிக்கிறான். அவனை இன்னும் தூண்டுவானேன்?

சித்த, ஆயுர்வேத மருத்துவம்: பட்டம் பெற்ற வைத்தியரும் தெருவில் பொடி விற்பவரும் ஒன்று இல்லை. கோவையில் முடக்குவாதம் உள்ளவர்களிடம் ஆயுர்வேத மருந்தையும் மெத்தோட்ரெக்சேட்டையும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். முடிவு 2011ல் வெளிவந்தது. இரண்டும் ஏறக்குறைய ஒரே அளவு பலன் தந்தன. ஆனால் ஆய்வில் இருந்தவர்கள் 43 பேர்தான். இன்னும் பெரிய ஆய்வு வேண்டும். பட்டம் பெற்ற வைத்தியரிடம் போகலாம். ஆனால் இரண்டு டாக்டர்களுக்கும் எல்லா மருந்தும் தெரிய வேண்டும். எதையும் மறைக்கக் கூடாது.

9. மருந்தை வாசிப்போம்

இப்போது எங்கள் வகுப்பில் ஒரு புதிய பாடம் உண்டு. எந்த மருந்து வந்தாலும் அதனிடம் ஐந்து கேள்வி கேட்கிறோம்.

ஒன்று: உன் பெயர் என்ன?
இரண்டு: உனக்குள் என்ன இருக்கிறது?
மூன்று: உன்னை யார் செய்தது? உரிமம் எண் என்ன?
நான்கு: எப்போது செய்தது? எதுவரை நல்லது?
ஐந்து: எத்தனை முறை, எத்தனை நாள் சாப்பிட வேண்டும்?

முதல் நான்கு கேள்விக்கும் மருந்தின் மேலேயே பதில் இருக்க வேண்டும். கடையில் விற்கும் சித்த, ஆயுர்வேத மருந்துக்கும் இது பொருந்தும். ஐந்தாவது கேள்விக்குப் பதிலை டாக்டரிடமிருந்து எழுதி வாங்க வேண்டும். பெயர் இல்லாத பொட்டலம் பதில் சொல்லாது. பதில் சொல்லாததை வாயில் போடக் கூடாது.

இன்னொன்று. குறிப்பிட்ட சில நோய்களைக் குணமாக்குவதாக விளம்பரம் செய்வதை 1954ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று தடுக்கிறது. அந்தப் பட்டியலில் வாத நோயும் இருக்கிறது. அப்படியானால் அந்த மஞ்சள் நோட்டீசே சட்டத்துக்கு விரோதமானது. இப்போது இந்த மாதிரி நோட்டீஸ் கைபேசியிலும் வருகிறது. அதற்கும் இதே ஐந்து கேள்விதான்.

10. இப்போது அத்தை

டாக்டரம்மா ஸ்டீராய்டை அளவாகக் கொடுத்து மெல்ல மெல்லக் குறைத்தார். மூன்று மாதத்தில் மெத்தோட்ரெக்சேட் வேலை செய்யத் தொடங்கியது. இந்த முறை அதிசயம் எதுவும் இல்லை. ஒரு வாரம் கரண்டி பிடிக்க முடிந்தது. அடுத்த மாதம் துணி பிழிய முடிந்தது.

அத்தைக்கு நோய் முழுவதும் போய் விட்டது என்று நான் சொல்ல மாட்டேன். இடது கையில் இரண்டு விரல்கள் கோணி விட்டன. அவை இனி நிமிராது. சில நாள் வலி வரும். இப்போது தினமும் எழுநூறு இட்லி அவிக்கிறார். தேங்காய் துருவ மாமா வந்து விட்டார். மகள் கல்லூரியில் சேர்ந்து விட்டாள்.

அத்தை வீட்டுக் காலண்டரில் ஒவ்வொரு திங்கட்கிழமையிலும் ஒரு வட்டம் இருக்கிறது. மாத்திரை போட்டதும் வட்டத்துக்குள் ஒரு கோடு போடுவார்.

போன மாதம் ஒருவர் எங்கள் சந்துக்கு வந்தார். கையில் ஒரு பாட்டில் எண்ணெய். "எல்லா வலியும் போகும்" என்றார். அத்தை பாட்டிலை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ஏம்பா, இதுல என்ன போட்டிருக்கு? யாரு செஞ்சது? நம்பர் எங்க?" என்று கேட்டார்.

அவர் பதில் சொல்லாமல் பாட்டிலை வாங்கிக் கொண்டு போய் விட்டார். அத்தை என்னைப் பார்த்தார்.

"என்ன டீச்சரு, இன்னிக்குச் சரியா வாசிச்சேனா?"

தெரிந்து கொள்வோம்

உடம்பின் காவல் உடம்பையே அடிக்கும் நோய்கள் பல உண்டு. எல்லாவற்றுக்கும் ஒரே மருந்து இல்லை. ஒரே பத்தியமும் இல்லை.

சிறு வயதில் வரும் முதல் வகைச் சர்க்கரை நோய்: இதற்கு இன்சுலின் ஊசிதான் உயிர். எந்தக் கீரைக்காகவும் கஷாயத்துக்காகவும் ஊசியை நிறுத்தக் கூடாது.

சீலியாக் நோய்: இதில் உணவே மருந்து. கோதுமை, பார்லியில் உள்ள ஒரு புரதம் இவர்களுடைய குடலைக் கெடுக்கும். வாழ்நாள் முழுவதும் அவற்றை விட வேண்டும். கோதுமை அதிகம் சாப்பிடும் பஞ்சாப், அரியானா போன்ற மாநிலங்களில் இது அதிகம் தெரிகிறது. அரிசி, சோளம், கம்பு, கேழ்வரகு சாப்பிடலாம். சோதனை செய்யாமல் நாமாகக் கோதுமையை நிறுத்தக் கூடாது. நிறுத்தி விட்டால் சோதனையில் நோய் தெரியாமல் போகலாம்.

உடனே டாக்டரிடம் போக வேண்டிய அடையாளங்கள்: காலையில் ஒரு மணி நேரத்துக்கு மேல் விரல் விறைப்பு. இரண்டு கைகளிலும் கணு வீக்கம். ஆறு வாரத்துக்கு மேல் நீடித்த வலி.

பயிற்சி

அ. விடை சொல்லுங்கள்.
1. அத்தை மெத்தோட்ரெக்சேட் மாத்திரையை ஏன் பாதியில் நிறுத்தினார்?
2. பொடி மூன்றே நாளில் வேலை செய்தது எப்படி?
3. பொடியைத் திடீரென்று நிறுத்தியதும் அத்தைக்கு என்ன ஆனது?
4. பத்தியத்தால் அத்தைக்கு வந்த கெடுதல் என்ன?

ஆ. சரியா, தவறா?
1. மூலிகை என்றால் பக்க விளைவே இருக்காது.
2. மெத்தோட்ரெக்சேட்டைத் தினமும் சாப்பிட வேண்டும்.
3. முடக்கத்தான் கீரையும் சாப்பிடலாம், மாத்திரையும் சாப்பிடலாம்.
4. வீட்டு மருந்து சாப்பிடுவதை டாக்டரிடம் சொல்ல வேண்டும்.

இ. செய்து பாருங்கள்.
உங்கள் வீட்டில் இருக்கும் ஒரு மருந்தை எடுங்கள். ஐந்து கேள்விகளுக்கும் விடையைத் தேடி நோட்டில் எழுதுங்கள். எழுத்து சிறியதாக இருந்தால் அல்லது ஆங்கிலத்தில் இருந்தால் தொண்டரையோ மருந்துக் கடைக்காரரையோ கேளுங்கள்.

ஈ. கலந்து பேசுவோம்.
உங்கள் ஊரில் மூட்டு வலிக்கு என்னென்ன வீட்டு மருந்து செய்கிறார்கள்? அவற்றில் எது சுகம் தருகிறது? எது கெடுதல் செய்தது? ஒவ்வொருவரும் தங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்லுங்கள்.